ஆணியும் பாலத்து மரமும்

என் சின்னம்மா மகளை எல்லாரும் ஆணி என்றுதான் கூப்பிட்டார்கள். வேலையும் அது, குணமும் அது. இடித்த கட்டடங்களிலிருந்து வரும் பழைய மரத்தில் ஆணி பிடுங்குவது அவள் வேலை. இருபத்திரண்டு வருஷம் அதைச் செய்தாள். குணத்தைப் பற்றி என்ன சொல்ல? மிதித்தவன் கத்துவான், ஆணி கத்தாது. அப்படித்தான் அவளும் இருந்தாள்.

என் அம்மாவும் அவள் அம்மாவும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். எனக்குப் பதினோரு வயது நடக்கும்போது அவள் பிறந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்த இடமும் நான் சொல்லி முடித்த இடம்தான். அதனால் அந்த வீட்டில் நடந்த சண்டைகளில் பாதி என் கணக்கில்தான் சேரும் என்று சொந்தத்தில் இன்னும் சொல்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஒரே நீளமான வீடு. அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் பொது. முன் பாதி அண்ணனுக்கு, பின் பாதி தம்பிக்கு. தம்பிதான் ஆணியின் புருஷன். பக்கவாட்டில் ஒரு முற்றம் இருந்தது. காற்று நன்றாக வரும். அதுவும் இரண்டு பேருக்கும் பொது. தம்பி நெஞ்சுச் சளியில் படுத்தான், எழுந்திருக்கவில்லை. அதே வருஷம் அடித்த புயலில் பின் பாதியின் கூரை பிய்த்துக்கொண்டு போனது. ஓட்டைத் தூக்கிப் பார்த்தால் உள்ளே மரமே இல்லை. கறையான் தின்று தீர்த்து, வெறும் பெயின்ட்தான் மரம்போல நின்றுகொண்டிருந்தது.

பிள்ளை குட்டி இல்லை. எங்கே போவாள்? முன் பாதியில், மூத்தார் தார்ப்பாய் மூட்டைகளை அடுக்கி வைக்கும் அறையில், மூட்டைகளுக்கு நடுவே பாய் விரித்துப் படுத்தாள்.

மூத்தார், அதாவது அவள் புருஷனின் அண்ணன், லாரிகளுக்குத் தார்ப்பாய் தைப்பவர். குனிந்து தைத்துத் தைத்தே கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்துபோயிருந்தது. ஆனால் தையல் என்றால் அவர் தையல்தான். விளிம்பை மூன்று மடிப்பு மடித்து, இரட்டை வரிசை தைத்து, முழத்துக்கு ஒரு பித்தளை வளையம் அடிப்பார். அவர் தார்ப்பாய் போட்ட லாரியில் மாவு மூட்டை ஏற்றிக்கொண்டு அடைமழையில் போகலாம் என்பார்கள். அந்த மனிதருக்கு உலகத்தில் எந்தப் பொருளைக் கண்டாலும் அதை மூட வேண்டும். சைக்கிளுக்கு ஒரு உறை, தண்ணீர்க் குடத்துக்கு ஒரு உறை, விறகுக்கு ஒரு உறை. மழை இருட்டினால் முதலில் மூடுவார், பிறகுதான் யோசிப்பார்.

தம்பியை எடுத்த மூன்றாம் நாள் அவர் தன் பெண்டாட்டியிடம் சொன்னார்: "தம்பியே போயிட்டான். இனிமே இவ நமக்கு யாரு?"

ஆணி அப்போது பக்கத்தில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். அவள் காதில் விழட்டும் என்றுதான் சொன்னார். விழுந்தது. அன்றோடு சரி. மூத்தாரும் அவளும் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை.

ஆனால் ஒரே வீட்டில், ஒரே முற்றத்தில், பேசாமல் எப்படிக் காலம் தள்ளுவது? அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஆணிக்குக் கொண்டை கிழிந்த கோழி ஒன்று இருந்தது. அவள் சொல்ல வேண்டியதை எல்லாம் கோழியிடம் சொன்னாள். மூத்தார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டே சைக்கிளிடம் சொன்னார். அவர் பெண்டாட்டி, ஆணியின் ஓரகத்தி, வாளியிடம் சொன்னாள்.

"ஏ கோழி, தொட்டியில தண்ணி எடுத்தவங்க திரும்ப ரொப்பணும்னு யாரும் சொல்லிக் கொடுக்கலயா?"

"கேட்டியா சைக்கிள், ஓசியில படுக்கிற இடத்துல வாய் எவ்வளவு நீளுது பாரு."

"வாளி, நீ ஏண்டி முகத்தைத் தூக்கி வச்சிருக்க? உன்னை யார் என்ன சொன்னாங்க?"

இப்படியே ஓடும். போகிறவர் வருகிறவர் நின்று கேட்டுவிட்டுப் போவார்கள். பொழுதுபோக்குக்குக் குறைவில்லை. கொஞ்ச நாளில் மூத்தார் இன்னொரு வழக்கமும் வைத்துக்கொண்டார். அவள் "ஏ கோழி" என்று தொடங்கியதும் எழுந்து உள்ளே போய்த் தையல் மெஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவார். கடகடவென்ற சத்தத்தில் ஒன்றும் கேட்காது. திட்டத்தான் போகிறாள், எதற்குக் கேட்க வேண்டும் என்று நினைப்பு.

ஐந்து வருஷம் இப்படிப் போனது. பிறகு மூத்தார் சொந்தத்தைக் கூட்டினார். அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் தாய்மாமன் ஒருவர் இருந்தார். சொந்தத்தில் எந்த வழக்கு என்றாலும் அவர் சொன்னால் முடிந்தது. அவரும் இன்னும் மூன்று பேரும் வந்து முற்றத்தில் பெஞ்சு போட்டு உட்கார்ந்தார்கள். நானும் போயிருந்தேன்.

"மாமா, பின்பக்கம் கூரை இல்லாம கெடக்கு. மழைத் தண்ணி என் சுவருக்கு இறங்குது. ஒண்ணு, கூரை போடணும். இல்ல, பங்கை எழுதிக் கொடுத்துட்டு அவங்க அம்மா வீட்டுக்குப் போகணும்" என்றார் மூத்தார்.

அவள் அம்மா செத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. அதை யாரும் எடுத்துச் சொல்லவில்லை. நான் வாயைத் திறக்கப் போனேன். ஆணி என் கையை அழுத்தினாள்.

"எத்தனை நாள் தர்றீங்க மாமா?" என்று கேட்டாள்.

தாய்மாமன் யோசித்தார். "இந்த மழைக்காலம் போகட்டும். அடுத்த மழைக்காலம் தொடங்குறதுக்குள்ள உன் பங்குல கூரை நிக்கணும். நின்னா வீடு உனக்கு. நிக்கலன்னா கையெழுத்துப் போடு. சரியா?"

"சரி" என்றாள்.

என்னை வழியனுப்பத் தெருமுனைவரை வந்தவளை நான் திட்டித் தீர்த்தேன். மரத்துக்கு எங்கே போவாய், பைத்தியமா உனக்கு என்று கேட்டேன். "மரம் எனக்கு வரும்க்கா. இருபது வருஷமா மரம்தானே எங்கிட்ட வருது" என்றாள்.

வந்தது. ஆற்றுக்குக் குறுக்கே சிமென்ட் பாலம் கட்டி முடித்ததும் பழைய மரப் பாலத்தைப் பிரித்தார்கள். பிரிக்கிற வேலை, ஆணி யாரிடம் வேலை செய்தாளோ அந்த இடிப்பு மேஸ்திரிக்குக் கிடைத்தது. மேஸ்திரிக்கு வேண்டியது இரும்பு மட்டும்தான். போல்ட்டும் தகடும் கைக்கு வந்ததும், "மரத்தை யார் வேணாலும் எடுத்துக்குங்க, கரை காலியானாச் சரி" என்று சொல்லிவிட்டார். கரையில் கிடந்த தூண்களைப் பார்த்து எல்லாரும் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். கறுப்பாக, பாசி படிந்து, சேற்று நாற்றம் அடித்துக்கொண்டு கிடந்தன. ஆணி ஒவ்வொரு தூணிடமும் குந்தி உட்கார்ந்து சுத்தியால் தட்டினாள், காதை வைத்துக் கேட்டாள், ஆணி முனையால் குத்திப் பார்த்தாள். மேல்தோல் நைந்திருந்தாலும் உள்ளே வைரம் பாய்ந்து இரும்பாக இருந்தது. ஒன்பது தூண் தேர்ந்தெடுத்தாள்.

மர மில்லில் அதை அறுத்தவன் வாள் கிறீச்சிடும் சத்தத்தில் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு கேட்டானாம்: "அக்கா, இது மரமா மீனா? இவ்வளவு தண்ணி கொட்டுது?"

ஒரு தூணுக்கு இரண்டாகப் பதினெட்டுச் சட்டம் கிடைத்தது. ஒவ்வொன்றும் பதினாறு அடி நீளம், மூன்று விரற்கடைக் கனம். கூரைக்குப் பதினான்கு போதும். நாலு உபரி.

வண்டி தெருவில் வந்து நின்றபோது நான் அங்கேதான் இருந்தேன். மூத்தார் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"சைக்கிள், என்னடா இது, ஆத்துல மிதந்த பொணத்தையெல்லாம் வீட்டுக்குக் கொண்டாராங்க?"

ஓரகத்தி வாளியைத் தூக்கிக்கொண்டு, "நாத்தம் குடலைப் பிடுங்குது, வாளி! நாம எப்படிச் சோறு தின்றது?" என்றாள்.

"ஏ கோழி," என்றாள் ஆணி. "உனக்குப் பிடிக்கலன்னா மூக்கை அறுத்துக்கோ."

மூத்தார் உள்ளே போய் மெஷினை மிதித்தார்.

எனக்கு அந்த மரத்தைப் பார்க்கவே பயமாக இருந்தது. "இத்தனை வருஷம் தண்ணியில ஊறின மரம்டி. நாளைக்கே அழுகிடாதா?" என்று கேட்டேன்.

"தண்ணிக்குள்ளயே கெடந்தா அழுகாதுக்கா. நல்லா காய்ஞ்சுட்டாலும் அழுகாது. ரெண்டுக்கும் நடுவுல ஒரு அரை ஈரம் இருக்கு பாரு, அதுலதான் அழுகும். அந்த நடுவை எப்படித் தாண்டுறோம், அதுதான் வேலை. வேகமாக் காய்ஞ்சா வெடிக்கும். காயாம கெடந்தா பூசணம் பிடிக்கும். நிழல் வேணும், காத்து வேணும்."

அவள் அடுக்கிய அழகை நான் இன்னும் மறக்கவில்லை. முற்றத்தில் செங்கல்லை வரிசையாக வைத்து, குழாயில் தண்ணீர் ஊற்றி மட்டம் பார்த்தாள். மேலே ஆறு சட்டத்தைப் பரப்பினாள், ஒன்றை ஒன்று தொடாமல். அதற்குக் குறுக்கே விரல் கனத்தில் காய்ந்த குச்சிகள். அதன்மேல் இன்னொரு ஆறு, மறுபடி குச்சிகள், மறுபடி ஆறு. கீழ்க் குச்சி எங்கே இருந்ததோ அதற்கு நேர் மேலேதான் மேல் குச்சியும் இருக்க வேண்டும். ஒரு விரல் தள்ளிப்போனாலும் சட்டம் வளைந்துவிடும் என்பாள். ஈரம் நுனி வழியாக ஓடி நுனி வெடிக்காமலிருக்க மெழுகை உருக்கி ஒவ்வொரு நுனியிலும் தடவினாள். உச்சியில் பழைய தகரம், தகரத்தின்மேல் கல். பக்கம் நாலும் திறந்தே இருந்தது. இந்தப் பக்கம் நின்று பார்த்தால் சந்து வழியாக அந்தப் பக்கத்துச் சுவர் தெரியும்.

சட்டத்திலிருந்து வெட்டிய ஒரு சிறு துண்டை, அதற்கும் நுனியில் மெழுகு பூசி, அடுக்குக்குள் வைத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதை எடுத்துக்கொண்டு தெருமுனைப் பழைய பேப்பர்க் கடைக்குப் போவாள். கடைக்காரர் அதைத் தராசில் போட்டு எடை சொல்வார். எடையைக் கரியால் தன் அறைச் சுவரில் எழுதுவாள். எழுத்துப் பெரிதாகத் தெரியாது, ஆனால் எண் தெரியும். வாரா வாரம் எடை குறைந்துகொண்டே வந்தது.

"என்ன, உங்க குழந்தை இன்னும் இளைக்குதா?" என்று கேட்பார் கடைக்காரர்.

"இளைக்கட்டும். இளைக்கிறது நிக்கணும். அன்னிக்குத்தான் மரம் காய்ஞ்சுதுன்னு அர்த்தம்."

அந்த மரத்தைச் சுற்றி நடந்த சண்டைகளை எழுதினால் ஒரு நோட்டுப் போதாது. மூத்தார் ஈரத் தார்ப்பாயைத் தூக்கி அடுக்கின்மேல் காயப் போடுவார், அவள் இழுத்துத் தரையில் போடுவாள். தரையில் போட்டதை அவர் உதறி மறுபடி போடுவார். ஒருநாள் மூன்று குச்சி காணோம். ஓரகத்தி உருவி அடுப்பில் வைத்துவிட்டாள். குச்சி இல்லாத இடத்தில் சட்டம் தொய்ந்து நின்றது. ஆணி அன்று கோழியிடம்கூட ஒன்றும் சொல்லவில்லை. அப்போதே எனக்குச் சந்தேகம். மறுநாள் அடுக்குக்கு வெளியே, கைக்கு எட்டுகிறமாதிரி, நாலைந்து குச்சி கிடந்தன. பழைய இன்ஜின் ஆயிலில் இரண்டு நாள் ஊறிய குச்சிகள். ஓரகத்தி அதையும் எடுத்துப் போய் வைத்தாள். சமையலறைச் சுவர் கறுத்தது, வீடு முழுக்கப் புகை, அன்றைக்கு வடித்த சோறு லாரி நாற்றம் அடித்தது.

"வாளி, கொலைகாரியை வீட்டுல வச்சிருக்கோம், வாளி!" என்று ஓரகத்தி கண்ணைக் கசக்கிக்கொண்டு கத்தினாள்.

"ஏ கோழி, திருடித் தின்றவளுக்குத் தொண்டை எரியத்தானே செய்யும்?"

உள்ளே மெஷின் கடகடத்தது.

எட்டு மாதம் ஓடியது. மழைக்காலத்தை மரம் நல்லபடியாகத் தாண்டியது, வெயில் காலத்தையும் தாண்டியது. எடை குறைவது மெதுவாகிக்கொண்டு வந்தது. இன்னும் மூன்று நாலு மாதத்தில் காய்ந்துவிடும், கெடுவுக்கு ஐந்து மாதம் இருக்கிறது என்று கணக்குப் போட்டு வைத்திருந்தாள். அப்போதுதான் நான் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டேன். என்னைத் தூக்கி உட்கார வைக்க ஆள் இல்லை. சொல்லி அனுப்பினேன். வேறு யாருக்குச் சொல்வேன்?

கிளம்புகிற அன்று காலை அவள் முற்றத்தில் நின்று, தெருவுக்கே கேட்கிற குரலில் சொன்னாளாம்: "ஏ கோழி, நான் அக்கா வீட்டுக்குப் போறேன். எத்தனை நாள் ஆகும்னு தெரியாது. மழை வந்தா மேல தகரம் இருக்கு, அது போதும். பக்கத்தை மட்டும் யாரும் மூடக்கூடாது. சாரல் பட்டா பரவாயில்ல, காத்துல காய்ஞ்சிடும். மூடினா செத்தது மரம். கேட்டுச்சா?"

இதைவிடத் தெளிவாக யாரால் சொல்ல முடியும்? சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

என் வீட்டில் நாற்பத்தேழு நாள் இருந்தாள். என்னைத் திட்டிக்கொண்டே குளிப்பாட்டினாள், திட்டிக்கொண்டே நடக்க வைத்தாள். இரண்டாவது வாரம் பருவம் தப்பிய மழை பிடித்தது. ஒன்பது நாள் விடவில்லை. அவள் ஜன்னலில் நின்று பார்த்துவிட்டு, "தகரம் இருக்கு, தாங்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மழை விட்டதும் மண்டையைப் பிளக்கும் வெயில்.

அந்த ஒன்பது நாளில் அந்த வீட்டில் நடந்தது பிற்பாடு ஓரகத்தி வாயிலிருந்தே வந்தது. இரண்டாம் நாள் மழையிலேயே அவள் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள்: "மரம் நனையுது. அவ வந்து பாத்துட்டு, நாமதான் வேணும்னே நனைய விட்டோம்னு மாமா முன்னாடி கத்துவா. பழியை நம்ம தலையிலதான் போடுவா."

மூத்தார் எழுந்து போய் அடுக்கைப் பார்த்தார். நாலு பக்கமும் சாரல் அடிப்பதைப் பார்த்தார். அவ்வளவுதான். ஒரு லாரிக்காரருக்குத் தைக்க வைத்திருந்த புதுத் துணியை எடுத்து, மூன்று நாள் உட்கார்ந்து தைத்தார். அடுக்கின் அளவுக்குச் சரியாக, மேலே கூம்பு வைத்து, நாலு பக்கமும் தரைவரை இறக்கி, கீழ் விளிம்பை அடுக்குக்கு அடியில் மடித்து உள்ளே தள்ளி, வளையத்தில் கயிறு கோத்து, லாரிக்குக் கட்டுவது போல இறுக்கிக் கட்டிவிட்டார். ஒரு சொட்டு உள்ளே போக முடியாது. தரையில் ஓடுகிற தண்ணீர் மடிப்பு வழியாக உள்ளே வந்தால் வெளியே போகவும் முடியாது. அதை அவர் யோசிக்கவில்லை. லாரி தரையில் நிற்பதில்லையே.

பேப்பர்க் கடைக்காரர் பார்த்திருக்கிறார். "தார்ப்பாய் தைக்கிறவரே மூடும்போது நான் என்ன சொல்றது? உங்க ஏற்பாடுன்னு நெனச்சேன்" என்றார் பிறகு.

நான் கம்பை ஊன்றி நடக்கிற அளவுக்குத் தேறியதும் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் அந்த வீட்டுக்குப் போனோம். முற்றத்தில் கால் வைத்தவள் அப்படியே நின்றாள். புதுப் பச்சைத் தார்ப்பாய் வெயிலில் பளபளத்துக்கொண்டு நின்றது. ஓடிப்போய்த் தொட்டாள். அடுப்பு மாதிரி சுட்டது. முடிச்சை அவிழ்க்கப் பார்த்தாள், வரவில்லை. பையிலிருந்து கத்தியை எடுத்து நடுவில் குத்தி மேலிருந்து கீழாக ஒரே கிழிப்பு.

உள்ளிருந்து புளித்த ஆவி முகத்தில் அடித்தது. சட்டம் முழுக்க வெள்ளைப் பூசணம், பஞ்சு ஒட்டினாற்போல. கீழ் வரிசை ஆறும் பைக்குள் தேங்கிய தண்ணீரில் பாதி முங்கிக் கிடந்தன. இடுப்பில் செருகியிருந்த ஆணியை எடுத்து ஒன்றில் குத்தினாள். கட்டை விரலால் அழுத்தியதிலேயே பாதி ஆணி உள்ளே போனது. எடைத் துண்டை எடுத்துக் கையில் தூக்கிப் பார்த்தாள். தராசு தேவைப்படவில்லை.

மூத்தார் வாசலுக்கு வந்தார். அவர் பார்த்தது மரத்தை இல்லை, கிழிந்து தொங்கிய தார்ப்பாயை.

"ஏய்! எதுக்குக் கிழிச்சே?"

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக நேருக்கு நேர் பேச்சு. இரண்டு பேருக்குமே அது அப்போது தெரியவில்லை.

"நீங்க மனுஷனா? என் வீட்டை அழுக வச்சிட்டீங்களே! தைரியமிருந்தா நெருப்பு வச்சிருக்கலாம்ல? இப்படி மூடி வச்சு கொன்னுட்டீங்களே!"

"நனையக் கூடாதேன்னு மூடினேன்! மூணு நாள் என் பொழைப்பை விட்டுட்டுத் தச்சேன்! நன்றி கெட்ட ஜென்மம்!"

"பக்கத்தை மூடக்கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"யார்கிட்ட சொன்னே?"

"கோழிகிட்ட சொன்னேன்! தெருவுக்கே கேக்குற மாதிரி சொன்னேன்!"

"நீ கோழியைக் கூப்பிட்டா நான் உள்ளே போயிடுவேன்னு உனக்குத் தெரியாதா?"

தெருவில் நின்றவர்களில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோழி அடுக்குக்குப் பக்கத்தில் புழு பொறுக்கிக்கொண்டிருந்தது.

"என் கண்ணு முன்னால நிக்காதீங்க" என்றாள் ஆணி.

"என் வாசல்ல நான் நிப்பேன்."

நின்றார். அவள் சட்டங்களை ஒவ்வொன்றாக இறக்கி முடிக்கிற வரைக்கும் நின்றார். உதவிக்கு ஒரு கை கொடுக்கவில்லை.

மூன்று மாதம் இருந்தது கெடுவுக்கு. மேல் இரண்டு வரிசை பிழைத்தது. பூசணம் தோலோடு நின்றிருந்தது. தேய்த்து எடுத்து, நிழலில் மறுபடி அடுக்கி, காய வைத்தாள். ஞாயிறு தோறும் தராசு. கெடுவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது எடை இறங்குவது நின்றது. கீழ் வரிசை ஆறையும் குத்திக் குத்திப் பார்த்துவிட்டு விறகுக்குப் போட்டாள். பதினெட்டில் ஆறு போனால் பன்னிரண்டு. வேண்டியது பதினான்கு.

இரண்டு சட்டம். மேஸ்திரியின் இடிப்புச் சாமான் கிடங்கு முழுக்கத் தேடினாள். அப்போது கிடந்ததெல்லாம் பத்தடிக்கு உட்பட்ட துண்டுகள். நான் சொன்னேன், இடைவெளியைக் கூட்டி வைத்துப் பன்னிரண்டையே பரப்பிவிடு என்று. "ஓட்டுப் பாரம் தாங்காதுக்கா. தொய்யும். தொய்ஞ்ச கூரைக்குக் கீழ அவங்க முன்னாடி நான் படுக்கணுமா?" என்று என்மேல் பாய்ந்தாள்.

கடைசியில் தச்சரை வைத்துப் பன்னிரண்டையும் சரியான இடைவெளியில், பின்சுவரிலிருந்து தொடங்கி ஏற்றினாள். ஓடு வேய்ந்தாள். முன் பாதியின் சுவரை ஒட்டி இரண்டு சட்டத்தின் இடம் நாலடி அகலத்தில் வானம் பார்த்து நின்றது. பன்னிரண்டாவது சட்டத்தின் கீழ் ஒரு செங்கல் சுவர் எழுப்பித் தன் வீட்டை அதோடு முடித்துக்கொண்டாள்.

சொன்ன நாளில் தாய்மாமன் வந்தார். வானம் மூட்டமாக இருந்தது. மறுபடி பெஞ்சு, மறுபடி அதே நாலு பேர்.

மூத்தார் முந்திக்கொண்டார். "மாமா, நீங்க சொன்னது என்ன? அவ பங்குல கூரை நிக்கணும். போய்ப் பாருங்க. நாலடி மொட்டையா கெடக்கு. அந்தத் தண்ணி இப்பவும் என் சுவருக்குத்தான் இறங்கும். பேச்சுப்படி கையெழுத்துப் போடச் சொல்லுங்க."

தாய்மாமன் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். முகத்தில் சங்கடம். "அவன் சொல்றதுல தப்பில்லையேம்மா. பங்கு முழுசும்னுதானே பேச்சு?"

ஆணி உள்ளே போனாள். துவைத்து மடித்த பச்சைத் தார்ப்பாயைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள்.

"மீதி ரெண்டு சட்டமும் இதுக்குள்ள இருக்கு மாமா. யார் மூடினாங்களோ அவங்களை எடுத்துத் தரச் சொல்லுங்க, இப்பவே ஏத்துறேன்."

நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள். கோழியையும் விடவில்லை. கேட்டவர்கள் மீசைக்குள் சிரித்தார்கள். தாய்மாமன் மூத்தாரைப் பார்த்தார்.

"நீயா மூடினே?"

ஓரகத்தி கதவுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். "இந்த மாதிரி தார்ப்பாய் சந்தையில ஆயிரம் தொங்குது மாமா! யார் வாங்கியாந்து போட்டாங்களோ! அவளே போட்டுட்டு எங்க மேல பழி போடலாம்ல?"

அது நல்ல வழிதான். இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் வீடு முழுக்க அவருக்கு. நான் ஆணியைப் பார்த்தேன். அவள் மூத்தாரை நேராகப் பார்த்துக்கொண்டு நின்றாள். கண் இமைக்கவில்லை.

மூத்தார் தார்ப்பாயைக் கையில் வாங்கினார். விளிம்பை விரலால் தடவினார். மூன்று மடிப்பு, இரட்டை வரிசை. நடுவில் கத்தி போன இடத்தில் விரல் நின்றது.

"சந்தையிலயா?" என்று பெண்டாட்டி பக்கம் திரும்பி உறுமினார். "சந்தையில இந்தத் தையல் எவன் தைக்கிறான், காட்டு பார்க்கலாம்! என் தையல்தான் மாமா. நான்தான் மூடினேன். ஆனா கிழிச்சது யாருன்னு அவளைக் கேளுங்க. முடிச்சை அவிழ்க்கத் தெரியாதா? இப்படியா கிழிக்கிறது?"

"கேட்டாச்சு, அவ சொல்லிட்டா" என்றார் தாய்மாமன். எழுந்து வேட்டியை உதறினார். "அந்த நாலடி உன் கணக்கு. கூரை நின்னுடுச்சு. வீடு அவளுக்கு. அந்தச் சந்துல விழற தண்ணிக்கு நீயே ஒரு வாய்க்கால் வெட்டிக்கோ."

ஓரகத்தி வாளியைத் தூக்கித் தரையில் அடித்தாள். மூத்தார் தார்ப்பாயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு உள்ளே போனார். சொந்தக்காரர்கள் தெருமுனையைத் தாண்டுவதற்குள் மழை வந்தது. நான் ஆணியின் கூரைக்குக் கீழே உட்கார்ந்து ஓட்டின்மேல் விழும் சத்தத்தைக் கேட்டேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. "சந்தோஷமாடி?" என்றேன். "ஆறு சட்டம் போச்சுக்கா" என்றாள்.

அந்த வீட்டில் அவள் இன்னும் பத்தொன்பது வருஷம் இருந்தாள். சமாதானம் என்று யாராவது வாயெடுத்தால் இரண்டு பக்கமும் கதவு சாத்தப்படும். மூத்தார் அந்தத் தார்ப்பாயின் கிழிசலைத் தைத்துச் சைக்கிளுக்குப் போட்டுக்கொண்டார். தைத்த இடம் தழும்பு மாதிரி தெரியும். சந்தில் மழை விழுந்தது, வாய்க்காலில் ஓடியது. இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் நடுவே காற்று அடித்துக்கொண்டு போனது.

பழைய கோழி போய் வேறு கோழி வந்தது, அதுவும் போய் வேறு வந்தது. ஒன்றே ஒன்றுதான் மாறியது. அவள் "ஏ கோழி" என்று தொடங்கினால் மூத்தார் உள்ளே போவதை விட்டுவிட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, அவள் சொல்லி முடிக்கிற வரைக்கும் இருந்து கேட்பார். கேட்டுவிட்டுப் பதில் கொடுப்பார்.

நான் கடைசியாகப் போயிருந்தபோது சந்தின் ஓரத்தில் சைக்கிளைச் சாய்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார். கழுத்து முன்னைவிடச் சாய்ந்திருந்தது.

"பாத்தியா சைக்கிள், பன்னிரண்டாவது சட்டம் கோணல். நான் அன்னிக்கே சொன்னேன்."

ஆணி ஒரு பிடி அரிசியைக் கோழிக்கு இறைத்தாள்.

"ஏ கோழி, கோணல் சட்டத்துல இல்ல. பாக்குறவங்க கழுத்துல."